கல் வைக்காத கை

மலாபா எல்லைச் சாவடி
12 ஜூலை 2009

அன்பு மைத்துனன் முவோக்கிக்கு,

என் உடம்புக்குக் குறையொன்றுமில்லை. இருமல் மட்டும், லாரிப் புகை உள்ளவரை உடனிருக்கும் என்று தோன்றுகிறது. உன் முழங்காலும் உன் மாவு மில்லும் இப்போது எந்த அளவில் ஒத்துழைக்கின்றன என்பதை எழுதவும். கைபேசியில் பேசலாமே என்று கேட்டிருந்தாய். உனக்கு அதற்காக மலையேற வேண்டும். எனக்கு இங்கே நான் லாரிகளை நிறுக்கும் எடைமேடையின் இரைச்சலில் எதுவும் கேட்காது. தவிரவும், பேச்சுக்குத் தேதி கிடையாது. ஆகவே கடிதமே இருக்கட்டும்.

இந்த வறட்சியிலேயே இக்கோமா ஆற்றின் குறுக்கே மணல் அணை கட்ட நம் ம்வெத்யா குழு முடிவு செய்திருப்பது அறிந்து மகிழ்ந்தேன். கூலியின்றி ஊரே சேர்ந்து உழைக்கும் அந்தப் பழக்கம் இன்னும் அங்கே உயிரோடிருக்கிறது என்பதே பெரிது. இரண்டு மாதம் பரவிப் பெய்த மழை இப்போது நான்கைந்து நாளில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது; வெள்ளம் ஒரே பிற்பகலில் நம்மைக் கடந்து போய்விடுகிறது. குறுக்கே சுவர் இருந்தால் மணல் தங்கும். மணலுக்குள் தண்ணீர் தங்கும். கோடையில் தோண்டினால் கிடைக்கும். நீ அறிந்ததுதான். ஆயினும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்குத் திருப்தி.

ஒரே ஒரு விதி. முதலாண்டில் சுவர் முழங்கால் உயரத்தைத் தாண்டக் கூடாது. வெள்ளம் மணலையும் சேற்றையும் சேர்த்தே கொண்டுவரும். சுவர் தாழ்வாக இருந்தால் எடை குறைந்த சேறு அதன்மேல் வழிந்து போய்விடும், கனத்த மணல் மட்டும் நிற்கும். சுவர் உயரமாக இருந்தால் தண்ணீர் அசையாமல் நின்று சேறும் படியும். சேறு தண்ணீரைக் குடிக்கும், திருப்பித் தராது. மணல் நிறைந்த பிறகே அடுத்த முழங்கால்.

எண்பத்து மூன்றில் சிற்றோடையில் நாம் கட்டிய முதல் சுவர் நினைவிருக்கிறதா? அதையும் இப்படித்தான் படிப்படியாக உயர்த்தினோம். நாம் அறிவாளிகளாக இருந்ததால் அல்ல. சிமென்ட் அவ்வளவுதான் வந்தது. கல் கைமாறும் வரிசையில் எனக்கு இடப்பக்கம் உன் அக்கா நின்றாள். ஒவ்வொரு கல்லையும் தரும்போது, "பாத்து, படிச்ச கை" என்பாள். அந்த ஆண்டு அக்டோபர் முடியுமுன் மழை வந்தது. அப்போதெல்லாம் மழை சொன்ன சொல் தவறாது.

அங்குள்ள அனைவரையும் நான் விசாரித்ததாகத் தெரிவிக்கவும்.

உன் நலம் விரும்பும்,
கிமாந்தி


இக்கோமா, கிதுயி மாவட்டம்
2 ஆகஸ்ட் 2009

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

முழங்கால் மழையை எதிர்பார்த்து வலிக்கிறது. மில் மக்காச்சோளத்தை எதிர்பார்த்துச் சும்மா நிற்கிறது. மற்றபடி எல்லோரும் நலம். உங்கள் பிள்ளைகள் இருவரும் மச்சாகோஸிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கிறார்கள். பகல் முழுதும் கல் சுமந்துவிட்டுச் சாயங்காலம் சட்டி காலியாகும்வரை எழுவதில்லை.

உங்கள் கடிதத்தைக் குழுவினர் முன்னிலையில் வாசித்தேன். "அனைவரையும் விசாரித்ததாக" என்ற வரி வந்ததும் அக்கா இடைமறித்தாள். "அனைவரும்னா யாருன்னு கேட்டு எழுதுடா. அந்த மனுசன் வீட்டு ஆட்டையும் சேத்துச் சொல்றாரா, இல்ல ஆட்டுக்கு அப்புறம்தான் நானா?" என்றாள். சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.

சென்ற வாரம் நகரத்திலிருந்து சிலர் வந்து வானம் சூடாவதைப் பற்றி நல்ல படங்களெல்லாம் காட்டிப் பேசினார்கள். அக்கா குழுத்தலைவி என்ற முறையில் நன்றி சொன்னாள்: "வானத்த நீங்க பாத்துக்குங்க. மணல நாங்க பாத்துக்கறோம்." அவர்கள் அதில் மனம் குளிர்ந்து, ஒரு லாரி நிறைய சிமென்ட் மூட்டை அனுப்பிவைத்தார்கள். இம்முறை சிமென்ட் போதாது என்ற பேச்சே இல்லை.

கல் குவிப்பது தொடங்கிவிட்டது. மேற்குக் கரை ஒரு குவியல், கிழக்குக் கரை ஒரு குவியல். பாட்டும் வசையும் நாள் முழுக்க ஆற்றைக் கடந்து போய்வருகின்றன. உங்கள் மேற்குக் கரைக்காரர்கள், "உங்க குவியல் மேல கோழிகூட ஏறிரும்" என்று பாடினார்கள். எங்கள் ஆட்கள் மறுநாளே பதிலைக் கல்லில் கொடுத்தார்கள்.

தூசியில் ஜாக்கிரதையாக இருங்கள். தேனும் இஞ்சியும் சாப்பிடுங்கள்.

என்றும் உங்கள்,
முவோக்கி


மலாபா
23 ஆகஸ்ட் 2009

அன்பு முவோக்கிக்கு,

இஞ்சி கிடைத்தது, தேன் கிடைக்கவில்லை. பாதி குணம்.

உன் கடிதத்தின் சிமென்ட் பகுதியைவிடக் குவியல் பகுதி என்னைக் கவலைப்படுத்துகிறது. நம் பள்ளத்தாக்கின் வழக்கம் எனக்குத் தெரியும். சுவருக்கென்று குவித்த கல் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. எந்தக் கரையின் குவியல் மிஞ்சுகிறதோ அந்தக் கரை உழைக்கவில்லை என்றாகிவிடும். அப்பெயர் பேரன் காலம்வரை போகாது. அந்தக் காலத்தில் சிமென்ட் தீர்ந்ததும் வேலை நின்றது. கல் குவிப்பதும் தானாகவே நின்றது. இப்போது உங்களை நிறுத்துவதற்கு எதுவுமில்லை. இரு கரையினரும் போட்டியிட்டுக் குவித்தால் அத்தனையும் சுவரில் ஏறியாக வேண்டும். சுவர் எங்கே போய் நிற்கும்?

உன் அக்கா கவுதா கிழக்கில் பிறந்தவள், மேற்கில் வாழ்க்கைப்பட்டவள். அதனால்தான் இரு கரையும் அவளைத் தலைவியாக ஏற்றது. அதே காரணத்தால், "போதும்" என்று எந்தக் கரையிடமும் அவளால் முதலில் சொல்ல முடியாது என்பதையும் உணர்கிறேன். ஆகவே இரு கரைக்கும் பொதுவாக நீ சொல். சுவர் இப்போது எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் தவறாமல் எழுது.

பிள்ளைகளுக்கு என் ஆசி. மற்ற அனைவருக்கும் (ஆடு நீங்கலாக) என் விசாரிப்புகள்.

கிமாந்தி


இக்கோமா
4 அக்டோபர் 2009

அத்தானுக்கு வணக்கம்.

தாமதத்துக்கு மன்னிக்கவும். வேலை, விருந்து, விருந்துக்குப் பிறகு வயிற்றுவலி. இப்போது எல்லாம் தெளிந்தது.

சுவர் முடிந்துவிட்டது. நீங்கள் இருந்து பார்த்திருக்க வேண்டும். கடைசி நாளில் வராதவர் இல்லை. படுக்கையில் கிடந்த மங்கோ தாத்தாவைக்கூடக் கட்டிலோடு தூக்கிவந்தார்கள். உள்ளங்கையளவு ஒரு கல்லை வைத்துவிட்டு, "இனி எமன் வந்தா வரட்டும், தண்ணி குடுத்து அனுப்பலாம்" என்றார். போதகர், சலவைக்கார விதவை, பால்குடி மறந்த குழந்தைகள், எல்லோர் கையும் பட்டது. இரண்டு குவியலிலும் ஒரு கல் மிச்சமில்லை. ஆடு வெட்டி, மக்காச்சோளமும் பயறும் பெரிய அண்டாவில் வேகவைத்தோம். அக்கா ஆடினாள். உண்மையாகவே ஆடினாள். சிற்றோடைச் சுவருக்குப் பிறகு அவள் ஆடி நான் பார்த்ததில்லை. அன்று பின்வரிசையில் தவறான தாளத்தில் கைதட்டிக்கொண்டிருந்தவர் யார் என்று உங்களுக்கே தெரியும்.

சுவரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மிக அழகாக இருக்கிறது.

இனி மழை வரவேண்டியதுதான் பாக்கி. நீங்களும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்,
முவோக்கி


மலாபா
18 அக்டோபர் 2009

அன்பு முவோக்கிக்கு,

உன் வயிறு தேறியதில் மகிழ்ச்சி. அழகு ஓர் அளவு அன்று. உயரத்தை எழுதவும்.

கவுதா எந்தப் பாட்டுக்கு ஆடினாள் என்பதையும் எழுதவும்.

கிமாந்தி


இக்கோமா
13 டிசம்பர் 2009

அன்புள்ள அத்தானுக்கு,

உங்களுக்கும் உங்களோடு பணிபுரிவோருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகளை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இங்கே எல்லோரும் நலம்; நலத்துக்கும் ஒருபடி மேலே.

மழை வந்துவிட்டது, அத்தான். ஆறு இரண்டு முறை இறங்கி வந்தது. சுவர் அசையவில்லை. என் சிமென்ட் கலவை! இப்போது சுவருக்கு மேற்புறம் ஏரி போலத் தண்ணீர் நிற்கிறது. எங்கிருந்தோ கொக்குகள் வந்துவிட்டன. பிள்ளைகள் குளித்துவிட்டு இடுப்புவரை கறுப்பாக எழுந்து வருகிறார்கள். தாய்மார் அடித்துத் துவைத்தும் சீருடையில் கறை போவதில்லை. சாயங்காலமானால் தவளைச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்பதில்லை. பக்கத்துப் பள்ளத்தாக்கான கிலுங்குவிலிருந்து ஆட்கள் பார்க்க வந்து, பொறாமையோடு போனார்கள்.

பாட்டு எது என்று கேட்டீர்கள். அக்காவிடம் கேட்டேன். "கேட்டவர் வந்து நேர்ல கேக்கட்டும். மூணு வருசமா அந்த ஆளுக்கு லாரிதான் உறவு" என்றாள். அப்படியே எழுதச் சொன்னாள்; அப்படியே எழுதிவிட்டேன்.

குளிருக்குக் கம்பளி போர்த்திக்கொள்ளுங்கள்.

முவோக்கி


மலாபா
3 ஜனவரி 2010

முவோக்கிக்கு,

புத்தாண்டு உங்கள் எல்லோருக்கும் நல்லதாகட்டும்.

சிற்றோடைச் சுவரின் முதலாண்டில் ஒரு தவளைகூடக் கத்தவில்லை. கொக்கு வரவில்லை. அங்கே பார்ப்பதற்கு எதுவுமே இல்லை, வெறும் மணல். அதைப் பார்த்து நாம் ஏமாந்துபோய் உட்கார்ந்திருந்ததும், உன் அக்கா முழங்கையளவு தோண்டி உள்ளிருந்து நீர் ஊறியதும் எனக்கு நேற்றுப் போல் இருக்கிறது. மணலில் தங்கும் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது, சத்தமும் போடாது.

தவளை கத்துகிறது என்கிறாய். பிள்ளைகள் கறுப்பாக எழுந்து வருகிறார்கள் என்கிறாய்.

வெயிலில் மேல்தண்ணீர் வற்றியதும் தோண்டிப் பார். பார்த்ததை எழுது.

கிமாந்தி


இக்கோமா
14 பிப்ரவரி 2010

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். அதற்குமேல் நலம் என்று எழுத ஒன்றுமில்லை.

சுவர் என் தோள் உயரம் இருக்கிறது. உங்கள் ஆகஸ்ட் கடிதத்தையும் குழு முன் வாசித்தேன். உயரம் பற்றிய வரிகளை மட்டும் வாசிக்கவில்லை. அப்போதே இரண்டு குவியலும் வீட்டுக் கூரையளவு எழுந்துவிட்டன. "நிறுத்துங்க" என்று நான் சொன்னால், எந்தக் கரையைப் பார்த்துச் சொன்னேன் என்றுதான் கேட்டிருப்பார்கள். அக்காவிடம் மட்டும் தனியாகச் சொன்னேன். அவள் இரண்டு குவியலையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

ஏரி போன மாதமே வற்றியது. தோண்டினோம். கறுப்புச் சேறு. இன்னும் தோண்டினோம். அழுகிய முட்டை நாற்றம்; அதற்கடியிலும் சேறுதான். ஒரு குழியில் முழுநாள் காத்திருந்தும் ஒரு குடம் நிரம்பவில்லை. ஆகஸ்டில் பெண்கள் பழையபடி கழுதைகளை ஓட்டிக்கொண்டு பெரிய ஆறுவரை நடக்க வேண்டும். பாதிப்பேர் அதற்குமுன் பிள்ளைகுட்டிகளோடு நகரத்துக்குப் போய்விடுவதாகப் பேச்சு. குழுவே கலைந்துவிடும், அத்தான்.

போன ஞாயிறு கூட்டம் போட்டோம். ஏப்ரல் மழைக்குமுன் சுவரை முழங்காலளவுக்குக் குறைத்துச் சேற்றை வாரிவிட்டால் ஆறு தப்பும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் யார் கல்லை யார் எடுப்பது? கிழக்குக் கரைக்காரன் கை வைத்தால் மேற்கின் கல்லைத் தள்ளினான் என்பார்கள். மேற்கு வைத்தாலும் அப்படியே. தன் கல்லைத் தானே எடுப்பவன் உழைப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டவன். வெயில் சாயும்வரை பேசினோம். கடைசியில் அக்கா எழுந்து சொன்னாள்:

"இந்தச் சுவத்துல கல் வைக்காத கை எதுன்னு யோசிங்க. பச்சப் புள்ள வச்சுச்சு, படுத்துக் கெடந்த கெழவன் வச்சான். வீடு இங்க இருந்தும் ஒரு கல்லுகூட வைக்காத ஆளு ஒருத்தர்தான். அவர் எடுத்தா யாருக்கும் அவமானமில்ல. மொதக் கல்ல அவர் எடுக்கட்டும். அதுக்கப்புறம் அது முடியாத சுவரு. முடியாத சுவத்துல எல்லாரும் கை வைக்கலாம்."

இரு கரையும் ஒப்புக்கொண்டது. இத்தனை வருடத்தில் உங்கள் வராமையால் விளைந்த முதல் நன்மை இதுதான் என்று அக்கா சொன்னாள். சொல்லும்போது சிரிக்கவில்லை.

வாருங்கள், அத்தான்.

முவோக்கி


மலாபா
24 பிப்ரவரி 2010

அன்பு முவோக்கிக்கு,

நலம். விடுப்புக்கு விண்ணப்பித்துவிட்டேன். காரணம் என்ற இடத்தில், "ஒரு கல்லை எடுப்பதற்காக" என்று எழுதினேன். வேறு எதை எழுதினாலும் அது முழு உண்மையாகாது. மேலதிகாரி இருமுறை வாசித்துவிட்டு, "எவ்வளவு பெரிய கல்?" என்று கேட்டுக் கையெழுத்திட்டார்.

கவுதாவுக்கு என்று தனியே எழுத நான்கு முறை தொடங்கினேன். முடிந்தபாடில்லை. வருகிறேன் என்று மட்டும் சொல். 'அனைவரிடமும்' அல்ல, அவளிடம்.

கிமாந்தி


இக்கோமா
6 மார்ச் 2010

அத்தானுக்கு அவசரமாக இரண்டு வரி. இதை அக்காவிடம் கொடுத்துப் போகிறேன். நீங்கள் வரும்போது நான் இருக்க மாட்டேன். கிலுங்குக்காரர்களும் நம்மைப் பார்த்துவிட்டுக் கல் குவிக்கத் தொடங்கிவிட்டார்களாம். "நம்ம அவமானத்த நாமளே போய்ச் சொல்லிரணும்டா, குவியல் பெருசாகறதுக்குள்ள" என்று அக்கா என்னை அனுப்புகிறாள். நடந்ததை எனக்கு ஒன்றுவிடாமல் எழுதுங்கள். உங்களைப் போல் வரிசையாக.

முவோக்கி


இக்கோமா
9 மே 2010

அன்பு முவோக்கிக்கு,

கிலுங்குவில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே உன் மில்லை என் மூத்த மகன் ஓட்டுகிறான். இயந்திரம் அவனிடம் நன்றாகவே நடந்துகொள்கிறது. என் இருமல் இரண்டாம் நாளே நின்றுவிட்டது. நீ கேட்டபடி வரிசையாக எழுதுகிறேன்.

நான் ஆற்றில் இறங்கியபோது இரு கரையினரும் அவரவர் கரையில் நின்றிருந்தார்கள். கவுதா சம்மட்டியையும் உளியையும் கொண்டுவந்து கொடுத்தாள். மூன்றாண்டுக்குப் பிறகு அவள் என்னிடம் தந்த முதல் பொருள் அதுதான். இரு கரையிலிருந்தும் சமதூரத்தில் உள்ள கல்லைக் கண்டறிய நான் சுவரைக் கயிற்றால் அளக்கத் தொடங்கினேன். "எடை போடற மாதிரி நிக்காதீங்க. அடிங்க" என்றாள். அடித்தேன். பெயரவில்லை. மறுபடி அடித்தேன். உன் கலவையைப் பற்றி நீ பெருமைப்பட்டது நியாயமே. "படிச்ச கை" என்று மேற்குக் கரையில் யாரோ சொல்ல, கிழக்குக் கரை சிரித்தது. இரு கரையும் சேர்ந்து சிரித்தபோதுதான் எனக்குக் கையில் வலு வந்தது.

கல் பெயர்ந்தது. அதைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தேன். அப்போதுதான் எல்லோருக்கும் ஒருசேரத் தோன்றியது: இந்தக் கல்லை எங்கே வைப்பது? மேற்கில் வைத்தால் மேற்கின் மிச்சம். கிழக்கில் வைத்தால் கிழக்கின் மிச்சம். சிரிப்பு நின்றுவிட்டது. நான் இடுப்பளவுச் சேற்றில் அந்தக் கனத்தோடு நின்றேன். எந்த விதியும் என் உதவிக்கு வரவில்லை. கவுதா இறங்கி வந்து கல்லை என் கையிலிருந்து வாங்கினாள். சுவரைச் சுற்றிப் பின்புறம் போய், வழியும் வெள்ளம் விழுந்து நிலத்தை அரிக்கும் அந்த அடிவாரத்தில் பதித்தாள். சுவருக்குக் காலில்லாமல் இருந்தது. கல்லெல்லாம் அங்கே தளமாகட்டும் என்றாள். ஆக, ஒரு கல்லும் மிஞ்சாது. அணை கட்டத் தெரிந்த எவரும் முதலில் செய்திருக்க வேண்டியதும் அதுதான். சேற்றில் இரு கரையினரும் இறங்கிய வேகத்தில் யார் எந்தக் கரை என்றே தெரியவில்லை.

வாரிய சேறு மேட்டு வயல்களுக்குப் போயிற்று. அவரைப் பயிர் நன்றாக வந்திருக்கிறது.

ஏப்ரலில் ஆறு இறங்கியது. கறுப்பாக வந்த தண்ணீர் கறுப்பாகவே சுவரைத் தாண்டிப் போனதை நின்று பார்த்தோம். வடிந்த பிறகு பார்ப்பதற்கு எதுவுமில்லை. கவுதா மண்டியிட்டுக் கையை நுழைத்து ஒரு பிடி அள்ளி என் முன் நீட்டினாள். பரல் பரலான மணல். விரலிடுக்கில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. ஆற்றின் பாதி அகலத்தில்தான் அப்படி. மறுபாதியில் சேறு இன்னும் இருக்கிறது. இந்தக் கோடையில் பெரிய ஆறுவரை கொஞ்ச நாளாவது நடக்கத்தான் வேண்டும். ஆனால் நகரத்துக்கு மூட்டை கட்டியவர்கள் மூட்டையை அவிழ்த்துவிட்டார்கள்.

நேற்று, வெட்டிய சுவரின் தலையைச் சமன் செய்து பூசினோம். கல்லைக் கைமாற்ற எல்லோரும் வரிசையாக நின்றார்கள். கேட்காமலேயே ஒரு கல்லை எடுத்துக்கொண்டு நானும் போனேன். கவுதா நிமிர்ந்து பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "நீங்க வைக்காதீங்க. நாளைக்கு மறுபடியும் தப்புப் பண்ணினா எடுக்கறதுக்கு ஒரு ஆள் வேணுமில்ல?"

சொல்லிவிட்டு, தன் கல்லைச் சற்று நகர்த்தி எனக்கு இடம் விட்டாள்.

வைத்துவிட்டேன், முவோக்கி. விடுப்பு முடியுமுன் பணி ஓய்வு விண்ணப்பமும் எழுத வேண்டும். இனி இப்பள்ளத்தாக்கில் கல் வைக்காத கை என்று ஒன்று இல்லை. ஆகவே அடுத்த முழங்காலை ஏற்றும்போது நாம் எல்லோருமே கவனமாக இருக்க வேண்டியிருக்கும்.

உன் வரவை எதிர்நோக்கும்,
கிமாந்தி, கவுதா